செத்துப்போச்சுன்னு சொன்னாங்க... ஆனா சாகலை!



போன வாரம் ஹாஸ்டல் அயர்ன் பாக்ஸைக் கழட்டி, திரும்ப மாட்டும்போது ரெண்டு ஸ்க்ரூ மிச்சமான கதையைச் சொன்னேன் இல்லையா? அதைப் படிச்சுட்டு என் ரூம்மேட், "உன் கையில சிக்கின ஏதாவது ஒரு பொருள் உருப்படியா திரும்பி வந்திருக்காடி?"ன்னு கேட்டா. வந்திருக்கு! இந்த வாரம் அந்தக் கதைதான். ஆனா நடுவுல ரெண்டு இடத்துல எனக்கு அழுகையே வந்துடுச்சு. அதனால கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். லேப் முடிச்சு மெஸ்ஸுக்குப் போற வழியில அப்பாகிட்ட இருந்து போன்.

"பாப்பா... அந்தப் பெரிய ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சும்மா."

அப்பாவுக்கு சாத்தூர் பக்கம் ஒரு சின்ன ஊர்ல போட்டோ ஸ்டுடியோ. ஃபிலிம் ரோல் காலத்துல ஆரம்பிச்சது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பொங்கல் விளையாட்டுப் போட்டி, ஸ்கூல் குரூப் போட்டோன்னு ஊர்ல பாதிப் பேரோட முக்கியமான நாளெல்லாம் அவர் கேமரா வழியாத்தான் போயிருக்கு. டிஜிட்டலுக்கு மாறின பிறகு எடுத்த அத்தனையும் ஒரே ஒரு 4 டி.பி. டிஸ்க்ல. ‘ஒரே ஒரு’ங்கிறதை அடிக்கோடு போட்டு வெச்சுக்கங்க. கடைசியில அதுக்கு வருவேன்.

"சரிப்பா, வேற டிஸ்க் வாங்கிக்கலாம்"னு நான் ரொம்பப் பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். அப்போதான் அப்பா விஷயத்தைச் சொன்னார்.

முந்தின நாள் எங்க தெரு அக்கா ஒருத்தங்க ஸ்டுடியோவுக்கு வந்திருக்காங்க. "அண்ணே, அம்மா தவறிட்டாங்க. வீட்டுல ரேஷன் கார்டு போட்டோவைத் தவிர ஒண்ணும் இல்லை. என் கல்யாண ஆல்பம் மழைத் தண்ணி பட்டு ஒட்டிப்போச்சு. 2013-ல நீங்கதானே எடுத்தீங்க... அதுல அம்மா சிரிச்சுக்கிட்டு இருப்பாங்க. அதைப் பெருசாக்கி ஃப்ரேம் போட்டுக் கொடுங்கண்ணே. பதினாறாம் நாளுக்கு வேணும்."

அப்பாவும் "அதுக்கென்னம்மா, இருக்கு"ன்னு வாக்குக் கொடுத்துட்டார். ராத்திரி டிஸ்க்கை மாட்டினா, ஒரு நிமிஷம் தெரியுது, காணாமப் போயிடுது. கூடவே ‘டிக்... டிக்...’ன்னு சத்தம். காலையில பக்கத்து டவுன்ல ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துட்டுப் போயிருக்கார். அங்கே டிஸ்க்கை நேரா கம்ப்யூட்டருக்குள்ள மாட்டிப் பார்த்தா, ‘இந்த டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணணும், பண்ணவா?’ன்னு கேட்டிருக்கு. "உள்ள எல்லாம் அழிஞ்சுபோச்சு சார். ரெக்கவரிக்கு 28,000 ரூபாய் ஆகும். வருமான்னு கேரன்ட்டி கிடையாது"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

நான் இ.இ.இ. மூணாவது வருஷம். போன்லயே வைத்தியம் பார்க்க ஆரம்பிச்சேன். "பிடுங்கிட்டுத் திரும்ப மாட்டுங்கப்பா." மாட்டினார். "இன்னொரு தடவை." மாட்டினார். இப்படி அஞ்சு தடவை!

மக்களே, இதுதான் நான் பண்ணின முதல் மொக்கை வேலை. டிஸ்க் நிஜமாவே போயிட்டு இருந்தா, ஒவ்வொரு தடவை கரன்ட் கொடுக்கும்போதும் மிச்சம் இருக்கிற சான்ஸும் குறையும். உள்ளே நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுத்துற தட்டுக்கு மேல, முடியைவிட எத்தனையோ மடங்கு மெல்லிய இடைவெளியில ஹெட் மிதந்துட்டு இருக்கு. வினோதமான சத்தம் வந்தா பண்ண வேண்டிய ஒரே காரியம், நிறுத்துறது. யோசிக்கிற வரைக்கும் தொடாம இருக்கிறது.

"தொடாதீங்கப்பா, வர்றேன்"னு சொல்லிட்டு மாட்டுத்தாவணியில பஸ் ஏறிட்டேன்.

டாக்... டோஸ்டர் மாதிரி ஒரு டப்பா!

டாக் பார்க்காதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். கம்ப்யூட்டருக்குள்ள இருக்க வேண்டிய ஹார்ட் டிஸ்க்கை, ரொட்டியை டோஸ்டர்ல சொருகுற மாதிரி மேலே இருந்து சொருகினா, யு.எஸ்.பி. வழியா லேப்டாப்புல தெரிய வைக்கிற டப்பாதான் டாக். அப்பாவோட பழைய டெஸ்க்டாப் மண்டையைப் போட்ட பிறகு லேப்டாப்பும் டாக்கும்தான் ஸ்டுடியோவோட ரெண்டு கண்.

லேப்டாப்புல இருந்து டிஸ்க்குக்குப் போற வழியில எத்தனை ஸ்டாப் இருக்கு, எண்ணிப் பாருங்க. லேப்டாப் போர்ட், யு.எஸ்.பி. கேபிள், டாக் போர்டுல இருக்கிற பிரிட்ஜ் சிப், டிஸ்க் உட்கார்ற ஸ்லாட், தனியா சுவத்துல இருந்து வர்ற 12 வோல்ட் அடாப்டர். அஞ்சு இடம்! இதுல எது சொதப்பினாலும் ஸ்கிரீன்ல தெரியறது ஒண்ணே ஒண்ணுதான்... ‘டிஸ்க்கைக் காணோம்.’ உடனே நாம டிஸ்க் மேல பழியைப் போட்டுடுறோம். வாய் இல்லாத ஜீவன்!

சனிக்கிழமை காலையில அம்மா கொடுத்த காபியோட உட்கார்ந்தேன். ஒரே ஒரு விதிதான் வெச்சுக்கிட்டேன். ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம். ரெண்டை ஒண்ணா மாத்தினா, எது சரி பண்ணுச்சுன்னு சாகுற வரைக்கும் தெரியாது.

முதல்ல கேபிள். வேற கேபிள் போட்டேன். அதே கதை. அடுத்து போர்ட். யு.எஸ்.பி. ஹப்பை எடுத்துட்டு லேப்டாப்புல நேரா சொருகினேன். ம்ஹூம். மூணாவது, விண்டோஸ் பவர் செட்டிங்ல ‘யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட்’னு ஒண்ணு இருக்கும். சும்மா இருக்கிற யு.எஸ்.பி. சாதனத்தைத் தூங்க வைக்கிற வசதி. சில டாக்குகள் தூங்கினா எழுந்திருக்காது, நம்ம ஃபர்ஸ்ட் ஹவர் மாதிரி! அதையும் ஆஃப் பண்ணினேன். மாற்றம் இல்லை. விண்டோஸ் ‘ஈவன்ட் வியூவர்’ல போய்ப் பார்த்தா, 157-ம் நம்பர் எச்சரிக்கை வரிசையா நிக்குது. ‘டிஸ்க் எதிர்பாராம பிடுங்கப்பட்டது’ன்னு அர்த்தம். யாரும் பிடுங்கலையே!

நாலாவதா, வேற டிஸ்க் போட்டுப் பார்க்கிறது. பழைய லேப்டாப்புல இருந்து கழட்டின ஒரு சின்ன 2.5 இன்ச் டிஸ்க் வீட்டுல இருந்தது. சொருகினேன். ஜம்முனு வந்துச்சு! அரை மணி நேரம் காப்பி போட்டேன். ஒரு தடவைகூட அறுந்து போகலை.

அப்போ டாக் நல்லா இருக்கு. டிஸ்க்தான் போச்சு. அப்பா ஒண்ணும் பேசலை. ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, "அந்தப் பிள்ளைகிட்ட என்னன்னு சொல்ல..."ன்னு தனக்குத்தானே கேட்டுக்கிட்டார். அழுகை வந்த முதல் இடம் இதுதான்.

பைக் இண்டிகேட்டர் பல்பு சொன்ன உண்மை

டிஸ்க்கைக் கையில எடுத்து உத்துப் பார்த்துட்டு இருந்தேன். ஸ்டிக்கர்ல ரெண்டு வரி. 5 வோல்ட்டுக்கு இவ்வளவு, 12 வோல்ட்டுக்கு இவ்வளவுன்னு கரன்ட் அளவு போட்டிருக்கு. சின்ன டிஸ்க்கைத் திருப்பினேன். அதுல 5 வோல்ட் மட்டும்தான்!

மண்டைக்குள்ள பல்பு எரிஞ்சுது. 2.5 இன்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட்டே தேவை இல்லை, குடிக்கிற கரன்ட்டும் கொஞ்சம்தான். ஆனா 3.5 இன்ச் பெரிய டிஸ்க்ல மோட்டார் ஓடுறதே 12 வோல்ட்லதான். நின்னுட்டு இருக்கிற தட்டைச் சுத்த வைக்கிற அந்த முதல் சில நொடியில மட்டும் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அடாப்டர் அந்த நேரத்துல தள்ளாடினா, மோட்டார் பாதி வேகத்துல நின்னுடும். மறுபடி முயற்சி பண்ணும். மறுபடி நிக்கும். அந்த ‘டிக்... டிக்...’ சத்தம் டிஸ்க்கோட மரண ஓலமா இல்லாம, பசி ஓலமாவும் இருக்கலாம்ல?

அதாவது, சின்ன டிஸ்க் போட்டு நான் பண்ணின டெஸ்ட் அடாப்டரை டெஸ்ட்டே பண்ணலை. வெறும் தட்டைத் தூக்கிப் பார்த்துட்டு, ‘இவன் மூட்டை தூக்குவான்’னு சர்டிஃபிகேட் கொடுத்த மாதிரி!

மல்ட்டிமீட்டரை அடாப்டர் முனையில வெச்சேன். 12.2 வோல்ட். சூப்பரா இருக்கே! ஆனா அது லோடு இல்லாத வோல்டேஜ். லோடு கொடுத்தாத்தான் சாயம் வெளுக்கும். செமஸ்டர்ல ‘லோட் ரெகுலேஷன்’னு 13 மார்க் கேள்விக்குப் பக்கம் பக்கமா எழுதியிருக்கேன். நிஜத்துல ஒரு தடவைகூடச் செஞ்சு பார்த்ததில்லை.

ஸ்டுடியோவுக்குப் பக்கத்துல மெக்கானிக் கடை. "அண்ணே, ஒரு இண்டிகேட்டர் பல்பு கொடுங்க." 12 வோல்ட், 21 வாட். கணக்குப் போட்டா 1.75 ஆம்பியர் இழுக்கும். நம்ம அடாப்டர் மேல எழுதியிருக்கிறது 2 ஆம்பியர். அப்படீன்னா இந்தப் பல்பை அசால்ட்டா எரிய வைக்கணும். ரெண்டு வயரை வெச்சு மாட்டினேன். பல்பு மங்கலா எரியுது. மீட்டர்ல 9.4!

பொதுவா கம்ப்யூட்டர் பவர் சப்ளையில 12 வோல்ட் லைன் 5 சதவிகிதம் வரைக்கும் ஏறி இறங்கலாம். அதாவது 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது. இது 9.4. வருஷக்கணக்கா நம்ம ஊர் வெயில்ல, சுவர்ல தொங்கியே அடாப்டருக்குள்ள இருக்கிற கெப்பாசிட்டர் காய்ஞ்சு போறது சகஜம். லோடு இல்லாதப்போ நல்ல பிள்ளை மாதிரி 12 காட்டும். வேலை கொடுத்தா படுத்துக்கும். நம்ம கிளாஸ்லயும் அப்படி நாலு பேர் இருக்காங்க!

(பல்பை வெறும் கையால தொடாதீங்க, பொரிஞ்சிடும். அடாப்டரை ஒருபோதும் பிரிக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்ல ஷாக் அடிக்கிற அளவுக்கு சார்ஜ் நிக்கும்.)

மாற்று அடாப்டருக்கு எங்கே போறது? ஸ்டுடியோ வாசல் சி.சி.டி.வி.யோட ரெக்கார்டர் பெட்டிக்கும் 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர்தான். பின் சைஸ் ஒண்ணு, நடுவுல பிளஸ்னு காட்டுற படமும் ஒண்ணு. இந்த மூணும் ஒத்துப்போகுதான்னு பார்க்காம எதையும் சொருகாதீங்க. சில லேப்டாப் அடாப்டரோட பின்னும் அந்த ஓட்டைக்குள்ள போகும், ஆனா அது 19 வோல்ட். அதைச் சொருகினா டிஸ்க் நிஜமாவே செத்துடும்!

சி.சி.டி.வி. அடாப்டரை அதே பல்புல டெஸ்ட் பண்ணினேன். 11.8. டாக்ல சொருகினேன். டிஸ்க் ‘உய்ய்ய்ங்’னு ஒரே மூச்சுல சுத்த ஆரம்பிச்சுது. டிக் சத்தம் இல்லை. ஸ்கிரீன்ல ஃபோல்டர்கள்... 2009, 2010, 2011...

அப்பா பின்னாடி நின்னுட்டு இருந்தார். "2013-ஐத் தொற பாப்பா. ஆவணி."

முதல்ல எது முக்கியமோ அது!

இந்த இடத்துல பெரும்பாலானவங்க எல்லாத்தையும் செலக்ட் பண்ணி காப்பி போடுவாங்க. பண்ணாதீங்க. இன்னும் எத்தனை நிமிஷம் ஓடும்னு தெரியாத ஒரு சாதனத்துல, முதல்ல எது இல்லைன்னா வருத்தப்படுவோமோ அதைத்தான் எடுக்கணும். அக்கா கல்யாண ஃபோல்டரை மட்டும் லேப்டாப்புக்கும், கூடவே ஒரு பென் டிரைவுக்கும் காப்பி பண்ணினேன். முடிஞ்சுது.

நல்லவேளை. நாப்பது நிமிஷம் கழிச்சு அடுத்த ஃபோல்டர் ஓடும்போது, மேஜையில அப்பா கையை ஊன்றினார். டிஸ்க் லேசா ஆடுச்சு. மறுபடி காணோம்!

இந்தத் தடவை பயப்படலை. ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. டிஸ்க் தன் உடம்பைப் பத்தித் தானே எழுதி வெச்சுக்கிற டைரியைப் படிச்சுச் சொல்லும். அதுல நாலு வரியைப் பாருங்க. 05, கெட்டுப்போனதால வேற இடத்துக்கு மாத்தின செக்டார்கள். சி5, படிக்கச் சிரமப்படுற செக்டார்கள். சி6, படிக்கவே முடியாதது. இந்த மூணும் பூஜ்ஜியமா இருக்கிறது நல்ல அறிகுறி. எங்க டிஸ்க்ல மூணுமே பூஜ்ஜியம்! ஆனா நாலாவது வரி, சி7... நூத்துக்கணக்குல. இது தட்டுல இருக்கிற தப்பு இல்லை. டிஸ்க்குக்கும் டாக்குக்கும் நடுவுல டேட்டா போற வழியில ஏற்பட்ட தப்பு. அதாவது, ஸ்லாட். வருஷக்கணக்கா டிஸ்க்கைச் சொருகிச் சொருகி ஸ்லாட்டோட பின்கள் தளர்ந்துபோச்சு. நெட்டுக்குத்தலா நிக்கிற டாக்ல டிஸ்க்கோட பாரம், ஆட்டம் எல்லாம் அந்தச் சின்ன கனெக்டர் மேலதான்.

ஆக, ஒரே டாக்ல ரெண்டு வியாதி. அடாப்டரை மாத்தலாம். ஸ்லாட்டை? புது டாக்தான். மிச்சத்தை அடுத்த வாரம் எடுத்துக்கலாம்னு டிஸ்க்கைக் கழட்டி, டவல்ல சுத்தி பீரோவுல வெச்சோம்.

ராத்திரி அப்பா போட்டோவைத் தேடி எடுத்தார். மேடையில எடுத்த படம் எதுவும் சரியா வரலை. பந்தியில எடுத்த ஒண்ணு... இலைக்கு முன்னாடி உட்கார்ந்து, பக்கத்துல யாரோ சொன்ன ஏதோ ஒண்ணுக்கு அந்த அம்மா வாய்விட்டுச் சிரிக்கிறாங்க. பின்னாடி இருந்த தண்ணி டிரம்மை எடுத்துட்டு, கழுத்து வரைக்கும் கட் பண்ணி, ராத்திரி ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்து சரி பண்ணினார். புதன்கிழமை பதினாறாம் நாள். செவ்வாய்க்கிழமையே ஃப்ரேம் போயிடுச்சு.

புது டாக்... பழைய பூச்சாண்டி!

கதை இங்கேயே முடிஞ்சிருக்கலாம். ஆனா அடுத்த சனிக்கிழமை, மதுரையில வாங்கின புது டாக்கோட கெத்தா வீட்டுக்குப் போனேன். டிஸ்க்கைச் சொருகினேன். ஸ்கிரீன்ல வந்தது என்ன தெரியுமா?

‘இந்த டிஸ்க்கை உபயோகிக்கணும்னா ஃபார்மேட் பண்ணணும். பண்ணவா?’

சர்வீஸ் கடையில வந்த அதே கேள்வி! அழுகை வந்த ரெண்டாவது இடம். அப்பா கை மவுஸுக்குப் போச்சு. "கேன்சல்! கேன்சல்!"னு நான் போட்ட கூச்சல்ல மெக்கானிக் அண்ணன் எட்டிப் பார்த்துட்டார்.

கேன்சல் பண்ணிட்டு யோசிச்சேன். போன வாரம் இதே டிஸ்க்ல ஃபோல்டரெல்லாம் கண்ணால பார்த்தேன். நடுவுல பீரோவுல சும்மா கிடந்தது. மாறினது ஒண்ணே ஒண்ணுதான், டாக். திரும்பப் பழைய டாக்கை சி.சி.டி.வி. அடாப்டரோட மாட்டினேன். ஃபோல்டரெல்லாம் பத்திரமா இருக்கு! விண்டோஸ்ல ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ போய் டிஸ்க் விவரத்தைப் பார்த்தேன். பழைய டாக்ல ஒரு செக்டார் 4,096 பைட். புது டாக்ல அதே டிஸ்க், ஒரு செக்டார் 512 பைட்!

புரியலையா? இப்படி யோசிங்க. தோட்டத்துல ஒருத்தர் பானையைப் புதைச்சுட்டு, ‘வேப்பமரத்துல இருந்து 256 முழம்’னு எழுதி வெச்சார். இன்னொருத்தர் வந்து 256 சாண் அளந்து தோண்டிட்டு, ‘பானையே இல்லை, தோட்டத்தை உழுதுடலாமா?’ன்னு கேட்டா எப்படி இருக்கும்? அதேதான் இது. பழைய டாக் 4,096 பைட்டை ஒரு அடின்னு வெச்சு, 256-வது அடியில ஃபைல்கள் இருக்கிற பகுதி ஆரம்பிக்குதுன்னு டிஸ்க்ல குறிப்பு எழுதியிருக்கு. அதாவது 1 எம்.பி. தள்ளி. புது டாக் 512 பைட்டை ஒரு அடியா வெச்சு 256 அடி போய்ப் பார்க்குது. அதாவது 128 கே.பி.யிலேயே நின்னுடுது. அங்கே ஒண்ணும் இல்லை. உடனே ‘ஃபார்மேட் பண்ணவா?’

பழைய டாக் ஏன் இப்படிப் பண்ணணும்? பழைய எம்.பி.ஆர். முறையில செக்டார்களை எண்ண 32 பிட்தான் இடம். 512 பைட் செக்டாரா இருந்தா 2.2 டி.பி.க்கு மேல எண்ணவே வராது. விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்துக் கம்ப்யூட்டர்லயும் பெரிய டிஸ்க் ஓடணுமேன்னு, சில டாக்குகள்ல செக்டாரை எட்டு மடங்கு பெருசாக் காட்டுற தந்திரத்தைப் பண்ணிட்டாங்க. நல்ல எண்ணம்தான். ஆனா அந்த டாக்ல ஃபார்மேட் பண்ணின டிஸ்க்கை, செக்டாரை 512 பைட்னு காட்டுற இடத்துல மாட்டினா விண்டோஸுக்குப் படிக்க வராது. சர்வீஸ் கடையில நேரா கம்ப்யூட்டர்ல மாட்டினப்போ நடந்ததும் இதேதான். டிஸ்க் அங்கேயும் நல்லாத்தான் இருந்திருக்கு! அவங்க ஏமாத்தணும்னு சொன்னதா நான் நினைக்கலை. ‘இது எந்த டாக்ல இருந்துச்சு?’ன்னு ஒரு கேள்வி கேட்கலை, அவ்வளவுதான்.

அப்புறம் என்ன பண்ணினோம்? புதுசா ஒரு 4 டி.பி. டிஸ்க் வாங்கி புது டாக்ல போட்டோம். பழைய டிஸ்க்கைப் பழைய டாக்ல சொருகி, ஆடாம இருக்க ரெண்டு பக்கமும் ஆல்பம் அட்டையை மடிச்சு முட்டுக் கொடுத்தோம். டேபிள் ஃபேனைத் திருப்பி வெச்சோம். கேபிளுக்குப் பதிலா பிரின்டரோட பழைய யு.எஸ்.பி. 2.0 கேபிள். அது அந்த ஓட்டையில அழகா உட்காரும், வேகம் குறையும். எங்க டாக் மெதுவாப் போனப்போ அறுந்து போறதும் குறைஞ்சுது. விண்டோஸோடவே வர்ற ‘ரோபோகாப்பி’ கட்டளையில காப்பி. நடுவுல அறுந்தாலும் விட்ட இடத்துல இருந்து தொடரும். மொத்தம் 2.6 டி.பி. நொடிக்கு 35 எம்.பி. வேகத்துல இருபது மணி நேரத்துக்கு மேல! அப்பாவும் நானும் ஷிஃப்ட் போட்டுக் காவல் காத்தோம். மேஜை மேல யாரும் கை வெக்கக் கூடாதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டினோம். ரெண்டே தடவைதான் அறுந்துச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் முடிஞ்சுது. ஃபைல் எண்ணிக்கை, மொத்த அளவு ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். வருஷத்துக்கு பத்து போட்டோ திறந்தும் பார்த்தோம்.

டாக் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

* பெரிய டிஸ்க் போடுறதா இருந்தா தனி 12 வோல்ட் அடாப்டர் கட்டாயம் வேணும். ஒரே டிஸ்க்குன்னா 2 ஆம்பியருக்குக் குறையக் கூடாது. ரெண்டு டிஸ்க் போடுற டாக்னா அதுக்கு மேல பாருங்க. ஆம்பியர் அதிகமா இருந்தா தப்பில்லை. வோல்ட் மட்டும் மாறவே கூடாது.

* உங்க டிஸ்க்கோட அளவை அந்த டாக் தாங்குமான்னு டப்பாவுல படிங்க. பழைய மாடல்கள் பல 2 டி.பி.யோட நின்னுடும்.

* பெரிய டிஸ்க்னா புது டாக்ல மாட்டினதும் செக்டார் அளவைப் பாருங்க. 512-னு காட்டினா, வேற இடத்துல மாட்டினாலும் படிக்க வாய்ப்பு அதிகம்.

* டிஸ்க் எப்பவுமே மாட்டியே இருக்கும்னா நிக்கிற டாக் வேண்டாம். டிஸ்க்கைப் படுக்க வெச்சு மூடுற டப்பா, ஃபேன் இருந்தா இன்னும் நல்லது.

* ‘குளோன்’ பட்டன் இருக்கிற டாக்ல ஜாக்கிரதை. எந்த ஸ்லாட்ல இருந்து எதுக்குக் காப்பி ஆகும்னு தெரியாம அமுக்கினா, காலி டிஸ்க்கை உங்க போட்டோ டிஸ்க் மேல காப்பி அடிச்சுடும்.

* வாங்கினதும் முக்கியமான டிஸ்க்கை மாட்டாதீங்க. போனா போகட்டும்ங்கிற ஒரு டிஸ்க்ல ரெண்டு மணி நேரம் தொடர்ந்து காப்பி போட்டுப் பாருங்க. அறுந்து போனா, பில் கையில இருக்கும்போதே கடைக்குத் திரும்பப் போங்க.

இப்போ அந்த ‘ஒரே ஒரு’. எங்க வீட்டுல நடந்த அத்தனை பதற்றத்துக்கும் காரணம் அடாப்டரும் இல்லை, ஸ்லாட்டும் இல்லை, செக்டாரும் இல்லை. ஊர்ல அத்தனை குடும்பத்தோட படங்கள் ஒரே ஒரு இடத்துல இருந்ததுதான். இன்னொரு காப்பி இருந்திருந்தா, டாக் போனா என்ன, புதுசு வாங்கிட்டுப் போயிட்டே இருந்திருப்போம். இப்போ ஸ்டுடியோவுல ஒரு டிஸ்க், வீட்டு பீரோவுல ஒரு டிஸ்க். பழைய டிஸ்க் மேல அப்பா மார்க்கர்ல எழுதி வெச்சிருக்கார். ‘பழைய டாக்ல மட்டும் திறக்கும். ஃபார்மேட் கேட்டா நோ சொல்லவும்.’

உங்க வீட்டுலயும் ஒரு டிராயர்ல ‘செத்துப்போச்சு’ன்னு தூக்கிப்போட்ட டிஸ்க் ஒண்ணு இருக்கலாம். இந்த வாரம் அதை எடுங்க. டிக் டிக் சத்தம் வந்தா உடனே நிறுத்துங்க. அடாப்டரைச் சந்தேகப்படுங்க. நல்ல அடாப்டரோடயும் அதே சத்தம் வந்தா, நீங்க விலகிக்கிட்டு ரெக்கவரி தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க. ஃபார்மேட் கேட்டா, முன்னாடி அது எந்த டாக்ல இருந்துச்சுன்னு வீட்டுல கேளுங்க.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தப்போ அந்த அக்கா வீட்டுக்கு அம்மா ஏதோ கொடுத்து அனுப்பினாங்க. உள்ளே போனதும் சுவர்ல அந்தப் படம், மாலையோட. அக்கா அதையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "எங்கம்மா எதுக்கு இப்படிச் சிரிச்சாங்கன்னு மட்டும் யாருக்கும் ஞாபகம் இல்லை பாப்பா"ன்னாங்க. சொல்லிட்டு அவங்களும் சிரிச்சாங்க.

சி.சி.டி.வி. அடாப்டரைத் திரும்ப மாட்டியாச்சான்னு கேட்காதீங்க. மாட்டியாச்சு. ஆனா டேட் செட் பண்ண மறந்துட்டேன். ஸ்டுடியோ வாசல்ல இன்னும் 2000-ம் வருஷம் ஜனவரி ஒண்ணாம் தேதிதான் ஓடிட்டு இருக்கு. அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே!